தா என்னும் தாது திரும்பி நடந்த ஆனி மாதம்

ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேங்கைநல்லூர்ப் பிள்ளையார் கோயில் டியூப்லைட், தன்மேல் எழுதியிருந்த 'உபயம்' என்ற எழுத்துகளோடும் கொடுத்தவர் பெயரோடும் அவருடைய தகப்பனார் பெயரோடும் சுவரிலிருந்து இறங்கி, தேரடி வழியாக நடந்து, அதைக் கொடுத்த அரிசிக்கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி போயிற்று, ஸ்பீக்கருக்குப் பின்னால் வெண்கல மணி நாக்கை அசைக்காமல் போயிற்று, மணிக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக் கடிகாரமும் நூலகத்து மேஜைவிசிறியும் போயின, பஸ் நிற்கும் இடத்து சிமெண்டு பெஞ்சு மட்டும் கனத்துப்போய் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறிவிட்டு மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. நாங்கள் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டோம். கொடுத்தவர்கள் வாசலில் நின்று, வந்த பொருளை என்ன சொல்லி வரவேற்பது என்று தெரியாமல், விருந்தாளிக்குச் சொல்வது போலவே "வா, உள்ள வா" என்றார்கள்.

டீக்கடை சுப்புக்குட்டிதான் முதலில் காரணம் கேட்டார். கேட்டது அகராதி சார்வாளிடம்.

"என்ன சார்வாள் கூத்து இது. நேத்து ஓசியில குடுத்த டீ பூரா காலையில பாய்லருக்குள்ள வந்து கெடக்கு."

"தா திரும்பிட்டு சுப்புக்குட்டி."

"யாரு தா?"

"குடுக்கதுன்னு அர்த்தம். சமஸ்கிருதத்துல இத மாதிரி வேர்ச்சொல்ல தாதுன்னு சொல்லுவாவ. தானம், தாயம், தத்து எல்லாம் அது பெத்த பிள்ளைகதான். முன்னால நடந்தா குடுக்கது. திரும்பி நடந்தா வாங்கிக்கிடுதது."

"நம்ம தா மாதிரிலா இருக்கு. ஒரு டீ 'தா'ன்னு கேக்கோம்."

"சத்தம் ஒண்ணுதான். உறவு உண்டுமா இல்லையான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரே பேருள்ள ரெண்டு ஆளு, அடுத்தடுத்த வீடு."

"ரேஷன் கார்டு வேற வேற" என்றார் சுப்புக்குட்டி. அதோடு அவருக்கு விளங்கிவிட்டது, அவர் சொல்லி சாயந்தரத்துக்குள் எங்களுக்கும் விளங்கிவிட்டது.

அகராதி சார்வாள் என்று நாங்கள் கூப்பிட்ட தெய்வநாயகத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வடக்கே ஒரு பெரிய சமஸ்கிருத அகராதி வேலையில் இருபத்திரண்டு வருஷம் சீட்டு எழுதியவர். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு, அதில் பொருள் ஒரு வரி, அந்தச் சொல் எங்கே வந்திருக்கிறது என்று ஒரு வரி, எழுதியவர் பெயருக்கு இடம் கிடையாது. மேலத்தெருவில் அம்மா இறந்துபோனபோது வந்தவர் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவுமில்லை. தா என்ற ஒரே ஒரு தாதுவின் குடும்பத்தை மட்டும் தமிழில் தனிச் சீட்டுகளாக எழுதி ஐந்து பிஸ்கட் டின்களில் அடுக்கிவைத்திருந்தார். மழைநாளில் யாராவது திண்பண்டம் என்று நினைத்துத் திறந்து பார்த்தால் உள்ளே சொல்லாக இருக்கும்.

அந்தத் தாதுவைப் பற்றி அவர் எங்களிடம் சொன்னதில் எங்கள் மனதில் நின்றது இரண்டு விஷயம். ஒன்று, அது பெரும்பாலும் தனியாக யார் வாயிலும் வராது, முன்னால் ஒன்றோ பின்னால் ஒன்றோ ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும், ஆகவே பிள்ளைகள் ஊரெல்லாம் திரிவார்கள், பெற்றவரை ஒருத்தரும் பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டாவது, அதற்கும் முந்தின ஒரு வடிவம் இருந்திருக்கவேண்டும் என்று படித்தவர்கள் உத்தேசித்து, அதன் தலைமேல் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுவார்களாம், நட்சத்திரம் போட்டால் இது யாரும் காதால் கேட்டதில்லை, எங்கும் எழுதிவைக்கப்படவும் இல்லை, ஆனால் இருந்தது என்று பொருளாம். அந்த நட்சத்திரக்காரனின் இன்னொரு வாரிசு மேற்கே வெகுதூரத்தில், மண்மூடிப்போன ஒரு மொழியில், எடுத்துக்கொள்வது என்ற பொருளோடு வாழ்ந்து முடிந்ததாம். கொடுப்பதும் எடுப்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவை, அதனால் இன்றைக்கு அது திரும்பி நடப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்றார். நாங்களும் ஆச்சரியப்படவில்லை. எங்களுக்கு வேலை இருந்தது.

தானம் என்ற முதல் டின் நான்கு நாள் ஓடியது. கல்யாணச் சீராகப் போன குத்துவிளக்குகளும் அண்டாக்களும் நாலாபக்கத்து ஊரிலிருந்தும் மலையடிவாரப் பாதையில் வரிசை பிடித்து வந்தபடியால், லாரிகள் காலையில் மட்டும் போகவேண்டும், மத்தியானத்துக்கு மேல் பாதை பாத்திரங்களுக்கு என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. இரத்தம் கொடுத்தவர்கள் இரண்டு நாள் முகம் சிவந்து திரிந்தார்கள், வாங்கியவர்களுக்கு வீட்டில் பீட்ரூட் வேகவைத்தார்கள். கன்னிகாதானமாகப் போன பெண்கள் பிறந்தவீட்டுக்கு வந்து, ஒரு வாரம் தூங்கி, சண்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பிறகு அவரவர் டிக்கெட் வாங்கி அவரவர் பஸ் ஏறிப் போனார்கள். கொண்டுவந்து சேர்ப்பதுதான் தாதுவின் வேலையே தவிர, கட்டிப்போட்டு வைப்பது அதன் வேலை இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

பிறகு தாயம் என்ற இரண்டாவது டின். அப்பன் பாட்டன் கொடுத்துவிட்டுப் போன பங்குகள் கொடுத்தவர்களிடமே திரும்பின. பத்திரங்களெல்லாம் சுடுகாட்டில் ஆளுக்கொரு மேட்டின்மேல் கல் வைத்துக் கிடந்தன. கிணற்றுப் பங்குக்காகப் பதினாறு வருஷம் முகம் பார்க்காத இரண்டு தாயாதிகள், கிணறே இப்போது தாத்தாவுடையது ஆகிவிட்டதால், சுப்புக்குட்டி கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டைக்கு விஷயம் அகப்படாமல் ஒருவர் பீடியை ஒருவர் பற்றவைத்தார்கள். மூன்றாவது டின்னில் நீர் கொடுப்பது என்று பெயர் வாங்கின ஜலதம், அதாவது மேகம். அன்றைக்குச் சாரல் தரையிலிருந்து கிளம்பி, தாழ்வாரத்தைத் தாண்டி, தென்னை உச்சியைத் தாண்டி, மலைமேல் உட்கார்ந்திருந்த மேகத்துக்குள் ஏறிப்போயிற்று. பெண்கள் அதற்குள் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்துவிட்டார்கள். நான்காவது சம்பிரதாயம், வழிவழியாகக் கைமாறி வந்தது என்று பொருள். அது திரும்பிப் போனபோது கோலம் போடுகிறவளுக்கு இரண்டாவது இழை மறந்தது, வைத்தியருக்கு எந்த இலையை எதோடு அரைப்பது என்று மறந்தது, அன்று முகூர்த்தம் வைத்திருந்த ஒரு வீட்டில் தாலி கட்டியதும் அடுத்து என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் எல்லாரும் சற்று நேரம் நின்றுவிட்டு, பின்பு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடுவதை யாரும் கொடுத்து நாம் வாங்கவில்லை போலிருக்கிறது.

நடந்ததெல்லாம் டின்களின் வரிசையில் நடந்தது. தெய்வநாயகத்துக்கு அது இரண்டாவது டின் தொடங்கியதுமே தெரிந்திருந்தது. ஐந்தாவது டின்னில் ஒரே ஒரு சீட்டு, தத்தன், கொடுக்கப்பட்ட பிள்ளை. எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் அது கடைசியில் கிடந்தது.

அந்தச் சீட்டு அவர்தான். கீழத்தெருவில் பிறந்து ஐந்து வயதில் மேலத்தெருவுக்குத் தத்துப்போனவர். பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை, தம்பிக்கு இரண்டு பிள்ளை, இளையவனைக் கொடுத்தார்கள். அன்றையிலிருந்து பெரியம்மை அம்மாவானாள், பெற்ற உலகம்மாள் சித்தியானாள். பெற்ற அப்பா இறந்தபோது அண்ணன் கொள்ளி வைத்தான், தெய்வநாயகம் மருமக்கமாரோடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் பின்னால் கடல்கடந்து போய் அங்கேயே இருந்துவிட்டான். இப்போது மேலத்தெரு வீட்டில் இவர் ஒருத்தர், கீழத்தெரு வீட்டில் அவள் ஒருத்தி. பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, "வாங்க சித்தி", "இருக்கட்டும்யா", அவ்வளவுதான் பேச்சு. அவர் ஆயுசில் எதற்கும் ஆசைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. அந்த வாரம் பார்த்தோம். முடிவெட்டிக்கொண்டார். ஒரு பையில் இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் எடுத்துவைத்தார். தானாக நடந்துபோனால் அது விருந்தாளி போவதுதான், திருப்பிக் கொண்டுபோகப்பட்டால் மட்டுமே அந்த வீட்டுப் பிள்ளை என்று அவர் நினைத்திருக்கவேண்டும், ஏனென்றால் சுப்புக்குட்டி, "எட்டு வீடுதான சார்வாள், சும்மா நடந்தே போயிரலாம்லா" என்றபோது, "அது வேற" என்று மட்டும் சொன்னார்.

ஊர் அவருக்காக வழியைப் பெருக்கிவைத்தது. கோலம் மறந்துபோனதால் பெண்கள் மாவை வெறுமனே தூவிவைத்தார்கள். ஐந்தாவது டின்னின் முறை வந்த அன்று விடிந்ததிலிருந்து அவர் நடையில் நாற்காலி போட்டுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குத் தபால்காரர் கணபதியாபிள்ளை, அவரும் சின்ன வயதில் தத்துப்போனவர்தான், கண்ணை மூடிக்கொண்டு, கடிதப்பையோடு, காற்றில் போகிற துணி மாதிரி அவர் வாசலைக் கடந்து வடக்கே போனார். பதினொரு மணிக்கு எழுபது வயதான பிரமு ஆச்சி போனாள். அவள் பிறந்த வீடு இடிந்து அந்த இடத்தில் மருந்துக்கடை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அவள் உள்ளே போய் அலமாரிக்கும் அலமாரிக்கும் நடுவில், அடுப்படி இருந்த இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் அவளைச் சுற்றிப்போய் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். தெய்வநாயகத்தின் கால் அசையவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. எழுந்து ஒருதடவை நின்று பார்த்தார், யாராவது இழுக்கிறார்களா என்று தோளைத் தளர்த்திக் கொடுத்துப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். நாலு மணிக்கு நாங்கள் ஒவ்வொருத்தராக, மாட்டுக்குத் தண்ணி காட்டணும், மாவு ஆட்டணும் என்று சொல்லிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கலைந்தோம். இருட்டத் தொடங்கியபோது சுப்புக்குட்டி டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நாளைக்கு வரும் சார்வாள். லேட்டா வரும்."

"இல்ல. டியூப்லைட்டத் திரும்பக் கேட்டுருக்கு, பெஞ்சக் கேட்டுருக்கு. என்னைய யாரும் கேக்கல."

சுப்புக்குட்டி கிளாசுக்காக நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சாயந்தரம் நடந்ததை எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் தன் ஜன்னலில் நின்று பார்த்தாள், அவள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். உலகம்மாள் கீழத்தெருவிலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு, ததும்பிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து, செம்பையே பார்த்துக்கொண்டு நடந்துவந்து, அவர் வீட்டு நடையேறி நின்றாள். கூப்பிடாமல் அவள் அந்த நடையேறி யாரும் பார்த்ததில்லை.

"என்ன சித்தி, இந்நேரம்."

"நேத்து பூரா வாசல்லயேதான் இருந்தேன். நீ வரல."

"வரலயே."

"நீ வராததுக்கு நான்தான் காரணம்யா. உக்காரு. சொல்லிட்டு ஊத்துதேன்."

அவர் உட்காரவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். தத்துக் கொடுத்த அன்று அப்பா மடியில் ஐந்து வயதுத் தெய்வநாயகம் உட்கார்ந்திருந்தான், பெரியப்பா எதிரே உட்கார்ந்திருந்தார், அப்பா, பெரியப்பா இரண்டுபேர் கையும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தது. பெற்றவள் அந்தக் கைமேல் தாரை வார்க்கவேண்டும், வார்த்த தண்ணீர் கைவழியே ஒழுகித் தரையில் விழவேண்டும், விழுந்தால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

"உள்ள போயி செம்ப எடுத்தேன். தண்ணி மோக்கல. வெறுஞ்செம்போட வந்து சாய்ச்சேன். பொகையும் மேளச் சத்தமுமா இருந்துச்சு, ஒருத்தரும் கவனிக்கல. ஒரு சொட்டு விழலய்யா."

"அப்பாவுக்கு?"

"தெரியாம இருக்குமா. கை நனையலயே. உங்க பெரியப்பாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் காஞ்ச கையத் துண்டுல தொடச்சிக்கிட்டாவ. சாகுத வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்கல, நானும் சொல்லல. நான் குடுக்கலன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. இப்பம் பாரு, குடுத்ததெல்லாம் வருது. குடுக்காததுனால நீ வரமுடியல."

பேச்சியம்மாள் சொன்னாள், அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார் என்று.

"அதான் கொண்டாந்தேன். இன்னைக்கு ஊத்திருதேன். முறையா குடுத்துட்டேன்னா நாளைக்கு நீ வந்துருவ. கைய நீட்டு."

தெய்வநாயகத்துக்கு ஒன்று தெரியும், அவளுக்குத் தெரியாது. பேச்சியம்மாள் அன்று காலையில் தன் மரத்து முருங்கைக்கீரையில் ஒரு கட்டு அவருக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கட்டு மத்தியானம் வரை அடுக்களையில் கிடந்தது, பிறகு வதங்கியது, வதங்கியும் கொடுத்தவளிடம் திரும்பாமல் அங்கேயே கிடந்தது. ஐந்து டின்னும் முடிந்துவிட்டது. தா முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. இனிமேல் கொடுத்தது கொடுத்ததுதான், அவள் இப்போது ஊற்றினால் நாற்பத்துமூன்று வருஷம் கொடுக்காமல் வைத்திருந்த பிள்ளையை இந்தச் சாயந்தரம் உண்மையாகவே கொடுத்துவிடுவாள், திரும்பி வர எந்தத் தாதுவும் இல்லை. அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் செம்பைச் சாய்க்கத் தொடங்கியிருந்தாள், செம்பின் விளிம்பில் தண்ணீர் உருண்டு நின்றது.

அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார். தண்ணீர் விழுந்தது. கைவழியே ஒழுகுவதற்கு முன்னால் வாயை வைத்துக் குடித்தார். அவள் ஊற்றினாள், அவர் குடித்தார். "என்னய்யா இது, குடிக்கக் கூடாது, கீழ விடு" என்று அவள் சொன்னாள், சொல்லிக்கொண்டே ஊற்றினாள், நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை, அவர் மூச்சுவிடாமல் குடித்தார், வயிறு முட்டிய பிறகும் குடித்தார், முகத்திலும் சட்டையிலும் வழிந்ததை முழங்கையால் ஒற்றி எடுத்துக்கொண்டார், செம்பு கவிழ்கிற வரைக்கும் குடித்தார். பின்பு தரையில் உட்கார்ந்து, அவள் காலைச் சுற்றி, சிமெண்டு முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிதான் இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். கண் சரியாகத் தெரியாததால் அவளும் தரையைத் தடவினாள். இரண்டுபேர் கையும் சிமெண்டில் நெடுநேரம் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து டார்ச் கொண்டுபோகலாமா என்று யோசித்ததாகப் பேச்சியம்மாள் சொன்னாள்.

"அப்பம் நாளைக்கும் வரமாட்டியே" என்றாள் உலகம்மாள்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?"

"எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல். ரசம் கெடக்கு. தொவையல் அரைக்கணும்."

அவர் வெறுஞ்செம்பை வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. பையையும் எடுக்கவில்லை. இரண்டுபேரும் தெருவில் இறங்கினார்கள். யாரும் இழுக்கவில்லை, காற்றும் அடிக்கவில்லை, மாவு தூவிய வழி சாரலில் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் எவ்வளவு தள்ளி நடப்பது என்று இருவருக்குமே பழக்கமில்லாததால் சில இடத்தில் முட்டிக்கொண்டும் சில இடத்தில் விலகியும் போனார்கள். மூன்றாவது வீட்டுக்கு முன்னால் சாக்கடை மூடியின் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் போனாள். கூப்பிட்டு நிறுத்தவேண்டியிருந்தது. சித்தி என்ற சொல் நாக்குவரை வந்தது, அதை அவர் விழுங்கிவிட்டார். அம்மா என்ற சொல் மேலத்தெருவில் இன்னொருத்தியுடையதாகி அவளோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது, அதை எடுத்து இவளுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொற்களை எழுதியவருக்கு அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவள் கால் கல்லுக்கு மேலே வந்துவிட்டது. அவர் எட்டி அவள் முழங்கையைப் பிடித்தார்.